ஒரு சொட்டுச் சிவப்பு

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வீட்டு கேஸ் வால்வுகளை மூடித் திறந்து பிழைக்கிறவன் நான். அப்பேர்ப்பட்டவன், சொந்த ஆபீஸின் மாடிக் கழிவறையில் ஒரு தண்ணீர்க் குழாயை மாற்றப் போய், கீழே இருந்த ஆவண அறையைக் குளமாக்கினேன்.

குழாய் சொட்டுகிறது என்று ஒரு மாதமாக எல்லோரும் முனகிக்கொண்டிருந்தார்கள். கேஸையே அடக்குகிறவனுக்குத் தண்ணீர் எம்மாத்திரம் என்று நானாகத்தான் ஸ்பேனரை எடுத்தேன். யாரும் கூப்பிடவில்லை. சுவரோரம் மூன்று வால்வுகள் இருந்தன. எது எந்தக் குழாய்க்கு என்று ஒன்றிலும் சீட்டு இல்லை. வீடு வீடாகப் போய், "வால்வுல சீட்டு கட்டி வைங்க, அவசரத்துல தேடக் கூடாது" என்று பிரசங்கம் செய்கிறவன், நடுவில் இருந்ததை ஒரு நம்பிக்கையில் மூடிவிட்டுக் குழாயைக் கழற்றினேன். தண்ணீர் என் நெஞ்சில் வந்து அறைந்தது. முதல் வால்வை மூடினேன், நிற்கவில்லை. மூன்றாவதை மூடினேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு, "யாராவது தெருப்பக்கத்து மெயினை மூடுங்கப்பா!" என்று கத்தினேன்.

கீழே சிரித்தார்கள். நான் கத்தினால் அடுத்ததாக ஏதோ ஜோக் வரப்போகிறது என்று காத்திருப்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். கூரை வழியாகத் தண்ணீர் இறங்கி அவர்கள் டீயில் விழுந்த பிறகுதான் நம்பினார்கள்.

அங்கே எனக்கு 'லீக்கு' என்று பெயர். வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் வைத்தது. அன்று ஈரச் சட்டையோடு மாடிப்படி இறங்கி வந்தபோது அந்தப் பெயருக்கு ஒரு புதுக் கம்பீரம் வந்திருந்தது.

எங்கள் பிரிவு அதிகாரிக்கும் ஒரு பெயர் உண்டு: 'பாக்கலாம்'. லீவு கேட்டால் பாக்கலாம். கையுறை கேட்டால் பாக்கலாம். உடைந்த ஏணிக்குப் பதில் புது ஏணி கேட்டாலும் பாக்கலாம். அன்று மட்டும் அவர் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"நனைஞ்ச பேப்பர் ஒவ்வொண்ணையும் நீதான் காய வைக்கிற. ஒண்ணு கிழியக் கூடாது. முடிச்சிட்டு, வழக்கம்போல மன்னிப்புக் கடிதம் எழுதி வை."

'வழக்கம்போல' என்று அவர் சொன்னதில் தப்பில்லை. என் சொந்த ஃபைலில் அதுவரை பதினான்கு மன்னிப்புக் கடிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தேதியோடு, காரணத்தோடு, "இனி நடக்காது" என்ற முடிவோடு. யாராவது அச்சுப் போட்டால் நல்ல சிரிப்புப் புத்தகம் தேறும்.

வேறு நாளாக இருந்தால் இந்தக் குழாய்க் கதையை நானே நாலு பேருக்கு நடித்துக் காட்டியிருப்பேன். ஆனால் மூன்று வாரமாக எனக்கு நடிப்பு வரவில்லை. காரணம் என் தங்கை வீட்டுக்காரர்.

மாப்பிள்ளையும் எங்கள் ஆபீஸில்தான் ஃபிட்டர். நான்தான் சேர்த்துவிட்டேன். என் கை மாதிரி இல்லை அவர் கை, நிதானம். அவர் இறுக்கிய மறை ஒழுகி நான் பார்த்ததில்லை. "மாப்ள, கொஞ்சமாவது ஒழுக விடுங்க. அப்பத்தான் எனக்கு வேலை இருக்கும்" என்பேன். "உங்களுக்கு வேலை குடுக்க நீங்க ஒருத்தரே போதும் மச்சான்" என்பார்.

தெருக் குழாயில் கேஸ் முட்டிக்கொண்டு வரும். அதைத் தணித்து, அடுப்பு தாங்குகிற அளவுக்கு அனுப்புவது ரெகுலேட்டரின் வேலை. மீட்டருக்கு முன்னால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும். அடுப்பெல்லாம் அணைந்திருக்கும்போது அது முழுசாக வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடாத ரெகுலேட்டர் உள்ளே அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். புதுக் குடியிருப்பில், மாப்பிள்ளை மாட்டிய ஒரு தரைத்தளத்து வீட்டில் அப்படித்தான் ஏறியிருக்கிறது. "தீ ரொம்ப உசரமா வருதுப்பா" என்று அந்த வீட்டம்மா போன் செய்தார். மாப்பிள்ளை போனார். அந்தம்மாவை வாசலுக்கு அனுப்பிவிட்டு, எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைக்கக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்துத் தீ கூரையை நோக்கி எழுந்தது. இரண்டு கையும் இடது கன்னமும் வெந்துபோயின. வாசலுக்கு அனுப்பப்பட்ட அம்மாவுக்கு ஒரு முடி கருகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே அறிக்கையும் வந்துவிட்டது. 'ரெகுலேட்டரின் தலைத் திருகாணியை ஃபிட்டர் அனுமதியின்றித் திருப்பியுள்ளார். சிவப்பு உடைந்துள்ளது.'

இந்தச் சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரெகுலேட்டரும் எங்கள் பட்டறையில் டெஸ்ட் பெஞ்சில் மாட்டிச் சோதிக்கப்படும். பாஸானால், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியின் தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு வைப்பார்கள். காய்ந்த பிறகு யாராவது திருகாணியைத் தொட்டால் அது விரிசல் விட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். பெஞ்சில் வேலை செய்வது ஒரு அம்மா. எல்லோருக்கும் அவர் பெஞ்சு அக்கா. ஆபீஸில் பெயிண்ட் கேட்டுக் கேட்டு, 'பாக்கலாம்' கேட்டுக் கேட்டு, கடைசியில் தன் வீட்டு நகப்பூச்சைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டவர். ஊரில் ஓடுகிற ரெகுலேட்டர் அத்தனையும் அக்காவின் நகம் மாதிரி மினுங்கும்.

ஆகக் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். அந்தச் சிவப்பு உடைந்திருந்ததா, இல்லையா? மூன்று வாரமாகக் கேட்டேன்.

அதிகாரியிடம் கேட்டேன். "எல்லாம் அறிக்கையில இருக்கு."

"அறிக்கையில இருக்கிறது தெரியும் சார். ரெகுலேட்டர்ல என்ன இருந்துச்சு? நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலாம்."

ஸ்டோர்காரரிடம் கேட்டேன். அவர் சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நான் டப்பாவைக் குடுக்கிறவன் லீக்கு. டப்பாவுக்குள்ள இருக்கிறது என் டிபார்ட்மென்ட் இல்ல."

பெஞ்சு அக்காவிடம் கேட்டேன். சிவப்பு உடைந்ததாகச் சொல்லப்பட்ட ரெகுலேட்டரைச் சோதித்து அனுப்பியவர் அவர்தான். குனிந்து ஏதோ ஒரு மறையைத் துடைத்துக்கொண்டே, "சாப்டியா தம்பி?" என்றார்.

"சாப்டேன். சிவப்பு உடைஞ்சிருந்துச்சா அக்கா?"

"முகமே வாடியிருக்கு பாரு. போய்ச் சாப்பிடு."

ஒருநாள் பட்டறை நடுவில் நின்று கத்தியே விட்டேன். "உடைஞ்சிருந்துச்சுன்னா உடைஞ்சிருந்துச்சுன்னு சொல்லுங்கடா! இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க! வாயில என்ன அடைச்சு வச்சிருக்கீங்க?" மீட்டர் பிரிக்கிற பையன்கள் நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, சிரிப்பதற்குத் தயாராகக் காத்திருந்தார்கள். ஜோக் வரவில்லை. ஒருத்தன் மரியாதைக்குச் சிரித்து வைத்தான். இருபத்திரண்டு வருஷம் ஊரைச் சிரிக்க வைத்ததற்கு எனக்குக் கிடைத்த ஓய்வூதியம் அது: என் கோபத்தைக்கூட யாரும் கோபமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், மாப்பிள்ளையே என்னிடம் கேட்க ஆரம்பித்ததுதான்.

இரண்டு கையிலும் தலையணை மாதிரிக் கட்டு. தங்கை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருப்பாள். வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுக் கேட்பார்: "மச்சான், மாட்டும்போது நான் அந்தத் திருகாணியைத் தொட்டிருப்பேனா?"

"நீங்களா? நீங்க அடுத்தவன் மீட்டர்ல தூசியைக்கூடத் தொட மாட்டீங்க."

"இல்ல மச்சான். அன்னைக்கு எட்டு வீடு மாட்டினேன். அவசரம். ஸ்பேனர் வழுக்கி இடிச்சிருக்கலாம்ல? அறிக்கையிலயே எழுதியிருக்காங்களே. சும்மா எழுதுவாங்களா?"

முதல் வாரம், "நான் தொடல" என்றார். இரண்டாம் வாரம், "தொட்ட ஞாபகம் இல்ல." மூன்றாம் வாரம், "தொட்டிருப்பேன் போல." ஒரு மனிதனிடமிருந்து அவன் கையையே பறித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தேன். தீ செய்தது பாதிதான்.

ஆபீஸிலிருந்து கடைசித் தாளும் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் 'என் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், ஸ்டோர் வாசலில் உட்காருகிற வேலை. போடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். "கட்டுப் போட்ட கையால எப்படி சார் கையெழுத்துப் போடுவாரு?" என்று அதிகாரியிடம் கேட்டேன். "உன் தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டாப் போதும். ஒரு கோடு விழுந்தாப் போதும்" என்றார். அதற்கு மட்டும் 'பாக்கலாம்' சொல்லவில்லை.

நான் குழாயைக் கழற்றிக் குளம் வெட்டியது புதன்கிழமை.

அன்று மதியம் முழுக்கப் பட்டறைப் பின்பக்கம் கம்பி கட்டி, துணி உலர்த்துகிற கிளிப் போட்டு, ஆபீஸின் மானத்தைக் காய வைத்துக்கொண்டிருந்தேன். இணைப்பு விண்ணப்பங்கள், மீட்டர் பட்டியல்கள், இருபது வருஷத்து லீவுக் கடிதங்கள். எல்லாம் ஈர நாற்றத்தோடு காற்றில் ஆடின. என் சொந்த ஃபைலும் வந்தது. பதினான்கு மன்னிப்புக் கடிதங்களையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். வேறொருவன் கண்ணில் படுவதற்கு முன் காய்ந்துவிட்டால் தேவலை என்று ஒரு எண்ணம்.

பன்னிரண்டாவது கடிதத்தில் கண் நின்றது.

'இம்மாதம் மூன்றாம் தேதி காலை, என் கவனக்குறைவால் டெஸ்ட் பெஞ்சின் கேஜ் உடைந்தது. வேறு கேஜ் இல்லாததால் புதியது வரும் வரை பெஞ்ச் இயங்காது என அறிந்து மிகவும் வருந்துகிறேன். இனி நடக்காது.'

மறந்தே போயிருந்தேன். பெஞ்சில் இரண்டு ஹோஸ் உண்டு. ஒன்று தெருக் குழாய் அழுத்தத்துக்கு, ஒன்று அடுப்பு அழுத்தத்துக்கு. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே மறை. அக்கா டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று தெரு ஹோஸை, அடுப்பு அழுத்தத்தை மட்டும் காட்டுகிற சின்ன கேஜில் மாட்டித் திறந்துவிட்டேன். ஊசி ஒரு முழுச் சுற்று ஓடி, முட்டி, வளைந்து உயிரை விட்டது. என் கடிதத்தின் அடியில் அதிகாரி தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'பார்த்தேன். புதிய கேஜ் பதினைந்தாம் தேதி பொருத்தப்பட்டது.'

மூன்றிலிருந்து பதினைந்து. புதுக் குடியிருப்பில் மேலிடத்து ஆள் வந்து, மாலை போட்டுக்கொண்டு, அடுப்புப் பற்ற வைத்துப் படம் எடுத்துக்கொண்டாரே, அது எந்த மாதம்? அதே மாதம்தான். பதினான்காம் தேதி.

கிளிப்புகளை அப்படியே கீழே போட்டுவிட்டு, நனைந்த குவியலில் டெஸ்ட் ரிஜிஸ்டரைத் தேடினேன். பக்கங்கள் ஒட்டியிருந்தன. ஸ்கேலை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரித்தேன். ஐந்தாம் தேதி முதல் பன்னிரண்டாம் தேதி வரை நாற்பது ரெகுலேட்டர். நாற்பதுக்கும் எதிரே 'சோதித்தது, சரி'. நாற்பதுக்கும் பெஞ்சு அக்காவின் சுழித்த கையெழுத்து. இருபத்து மூன்றாவது வரியில் ஒரு எண். கடைசி மூன்று இலக்கம் அறுநூற்றுப் பதினெட்டு. அறிக்கையில் படித்துப் படித்து எனக்கு மனப்பாடமாகியிருந்த எண்.

செத்துப்போன பெஞ்சில் நாற்பது ரெகுலேட்டர் பாஸ் ஆகியிருக்கிறது.

முதலில் வந்த கோபம் என் மேல்தான். கேஜை உடைத்தவன் நான். உடைக்காமலிருந்தால் சோதித்திருப்பார்கள், வாய் மூடாத ரெகுலேட்டர் அன்றைக்கே ஓரமாகப் போயிருக்கும். மாப்பிள்ளை இன்றைக்குத் தன் கையால் சாப்பிட்டிருப்பார். அந்தக் கடிதத்தை எழுதியபோது நான் சிரித்துக்கொண்டே எழுதியது வேறு ஞாபகம் வந்தது.

கடிதத்தையும், தையல் விட்டுக் கையோடு வந்த ரிஜிஸ்டர் பக்கத்தையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கண்ணை மூடிப் படுத்திருந்தார். சமையலறையில் நின்று தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டையும் அடுப்பு மேடையில் விரித்து, ஈரம் உலராத எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"அப்ப கேஜை உடைச்சது நீயா?"

"நான்தான்மா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உடைச்சதை நீ எழுதிக் குடுத்திருக்க. இத்தனை பேர்ல எழுதிக் குடுத்தவன் நீ ஒருத்தன்தான்." தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். "சரி, மீதி முப்பத்தொம்பது எங்க இருக்கு?"

எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. மூன்று வாரமாக ஒரே ஒரு ரெகுலேட்டரின் ஒரே ஒரு சொட்டைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தவனுக்கு, மீதி முப்பத்தொன்பதும் இந்த நிமிஷம் யார் யாருடைய சமையலறைக்கோ கேஸ் அனுப்பிக்கொண்டிருப்பது உறைக்கவில்லை. அவற்றில் பதினொன்று நான் மாட்டியது. "அம்மா, இனிமே கவலையே இல்ல" என்று சொல்லிச் சொல்லி மாட்டியது.

அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் செய்தேன். "சார், புதுக் குடியிருப்புல கேஸை நிறுத்தணும். முப்பத்தொம்பது ரெகுலேட்டர் டெஸ்ட் பண்ணாதது."

"யாரு சொன்னா?"

"ரிஜிஸ்டர்."

"நீ பேப்பரைக் காய வைக்கச் சொன்னா படிச்சுக்கிட்டிருக்கியா? எல்லாம் ஓடிக்கிட்டுதானே இருக்கு. காலையில பாக்கலாம்."

காலையில் நான் பார்த்தேன். ஆறு மணிக்கே என் கையடக்கக் கேஜோடு அந்தக் குடியிருப்பில் இருந்தேன். ஐந்து தளம், தளத்துக்கு எட்டு வீடு. மீட்டர்கள் எல்லாம் மாடிப்படி ஓரத்து அலமாரிகளில். முதல் தளத்தில் முதல் வீட்டுக்குப் போகும் வால்வை மூடி, ரெகுலேட்டருக்குப் பின்னால் கேஜை மாட்டினேன். ஊசி நின்றது. நல்ல பிள்ளை. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதில் ஊசி ஒரு கோடு ஏறியது. நின்றுவிடும் என்று பார்த்தேன். இன்னொரு கோடு. டீ ஆறுகிற வேகத்தில், அவசரமே இல்லாமல், ஏறிக்கொண்டே இருந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.

அதற்குமேல் நான் எதையும் சோதிக்கவில்லை. மேலே ஓடினேன், கீழே ஓடினேன். முப்பத்தொன்பது வால்வையும் தெருப்பக்கம் மூடினேன்.

கதவுகள் திறந்தன. "யாருய்யா நீ? முட்டை பாதி வெந்து கிடக்கு!" என்றார் கரண்டியோடு வந்த ஒருவர். "பாதி வெந்தது முட்டையோட போகட்டும் சார்" என்றேன். சிரிக்காமல் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. குழந்தையோடு வந்த பெண் என்னைத் திட்டத் திட்ட, நான் பாட்டுக்கு அவர் வால்வில் சீட்டுக் கட்டினேன். ஆமாம், சீட்டு. ஒவ்வொரு வால்விலும் ஒன்று: 'ஆபத்து. திறக்காதீர்கள். விவரத்துக்கு.' அதற்குக் கீழே எங்கள் அதிகாரியின் கைபேசி எண். வாழ்நாளில் நான் ஒழுங்காகச் சீட்டுக் கட்டியது அன்றுதான்.

ஒன்பது மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னால் அதிகாரி நின்றிருந்தார். கையில் போன் அலறியது; அணைத்தார்; மறுபடி அலறியது.

"யாரைக் கேட்டுய்யா மூடின? நாப்பது வீடு! மேலிடத்திலருந்தே போன் வருது!"

"முப்பத்தொம்பது சார். நாப்பதாவது வீடு ஏற்கெனவே எரிஞ்சிருச்சு."

"உன் வேலை போயிரும்."

"பாக்கலாம்," என்றேன்.

மீட்டர் பையன்கள் நிமிர்ந்தார்கள். இதுதான் அவர்கள் இருபத்திரண்டு வருஷத்தில் கேட்ட என் ஆகச் சிறந்த ஜோக்காக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. என் முகத்தில் அப்போது என்ன இருந்ததோ தெரியாது.

பெஞ்சு அக்கா வழக்கமான இடத்தில், வழக்கமான கண்ணாடியோடு, ஒரு ரெகுலேட்டரைப் பெஞ்சில் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நகப்பூச்சுக் குப்பி. நான் போய் அவருக்கு எதிரே என் மன்னிப்புக் கடிதத்தை வைத்தேன். அதன் பக்கத்தில் ரிஜிஸ்டர் பக்கத்தை வைத்தேன். காய்ந்து முறுக்கிக்கொண்டிருந்த ஓரங்களை இரண்டு நட்டுகளால் அழுத்தினேன்.

அக்கா தேதிகளைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "சாப்..." என்று ஆரம்பித்தார்.

"சாப்பிடல அக்கா. மூணு வாரமாச் சரியாச் சாப்பிடல. உங்க கையெழுத்தைப் பத்தி நான் கேக்க வரல. கேஜை உடைச்சவன் நான், எனக்கு அதைக் கேக்க வாயில்ல. இன்னைக்கு முப்பத்தொம்பது வீட்டை மூடிட்டேன், அவங்க பொழைச்சுக்குவாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வீட்டுல ஒரு மனுஷன் தன் கையையே சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நாளைக்கு என் தங்கச்சி அந்தக் கையைப் பிடிச்சு, 'நான்தான் செஞ்சேன்'னு கோடு போட வைக்கணுமாம். போடட்டுமா?"

"அக்கா வேலையா இருக்காங்க. நீ முதல்ல வெளிய வா," என்றார் அதிகாரி. போன் மறுபடி அலறியது.

நான் குரலை உயர்த்தவில்லை. "சிவப்பு உடைஞ்சிருந்துச்சா, இல்லையா?"

அக்கா பெஞ்சின் வால்வை மூடினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு குனிந்து, தன் சாப்பாட்டுப் பை வைத்திருந்த கீழ் அறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய எதையோ எடுத்தார். மூன்று வாரமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. தினமும் அவர் சாப்பாட்டுக்குப் பக்கத்தில். முடிச்சை அவிழ்க்க அவர் விரல்களுக்கு நேரம் பிடித்தது. புகை படிந்த ரெகுலேட்டர். கடைசி எண் அறுநூற்றுப் பதினெட்டு. கரி பூசிய தலையின் நடுவில், நேற்று வைத்தது மாதிரி, ஒரு சொட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"அக்கா, யோசிச்சுப் பேசுங்க," என்றார் அதிகாரி.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"உடையல," என்றார். "சுரண்டச் சொன்னாரு. நான் சுரண்டல. உன் மாப்ள எதையும் தொடல தம்பி. தொட வேண்டிய நான்தான் இதைப் பெஞ்சுல மாட்டாமலே சிவப்பு வச்சேன். நாப்பதுக்கும்."